சக்கர நாற்காலியில் வந்த ஓட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மன்மோகன் சிங்கைக் கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் வைத்து மாநிலங்களவைக்கு இழுத்து வந்தது பாவம் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2023 ஆகஸ்ட் 7 இரவு, டெல்லி அரசு அதிகாரிகள் மீதான கட்டுப்பாட்டை மத்திய அரசுக்குத் தரும் டெல்லி நிர்வாக மசோதா மீது ஓட்டெடுப்பு. ஆதரவு 131, எதிர்ப்பு 102. தோற்பது உறுதி என்று தெரிந்தும் 90 வயதில் வந்தார். பதவி இருக்கும் வரை அது வேலைதானே? உடம்புக்கு முடியாதவரை இப்படி அலைக்கழிப்பது வெட்கக்கேடு என்று அன்று காங்கிரசைச் சாடியது பாஜக. ஆறே மாதத்தில், 2024 பிப்ரவரி 8 அன்று, ஓய்வு பெறும் உறுப்பினர்களை வழியனுப்பிப் பேசிய பிரதமர் மோடி, அதே வருகையைக் கடமை உணர்வுக்கு உதாரணமாகச் சொன்னார். நாற்காலி என்னவோ ஒன்றுதான்!

ஆனால் நான் மறக்காதது 2016 நவம்பர் 24-ஐ. அப்போது நான் வங்கியில் காசாளர். கவுண்ட்டரில் செல்லாத நோட்டை மாற்றித் தந்த கடைசி நாள் அது. ஒரு பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைச் சுருக்கம் போக நீவி நீவி நீட்டினார். எனக்குப் பின்னால் பெட்டி ஏறக்குறைய காலி. அன்று இரவு செய்தியில்தான் மாநிலங்களவையில் மன்மோகன் சிங் பேசிய பேச்சைக் கேட்டேன். அதே மெல்லிய குரல். "திட்டமிட்ட கொள்ளை, சட்டப்படியான சூறையாடல்" என்றார். வளர்ச்சி சுமார் இரண்டு சதவீதம் குறையலாம் என்றும் எச்சரித்தார். சில நிமிடங்கள்தான். பத்தாண்டு பிரதமராக இருந்தபோது ஏன் இப்படிப் பேசவில்லை என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கடைசி எம்.பி. பதவிக்காலத்தில் அவையில் அவர் குரல் அதிகம் கேட்கவில்லை. அந்தப் பதவியே இழுபறியில்தான் கிடைத்தது. 2019 ஜூனில் அசாமிலிருந்து பெற்ற எம்.பி. பதவி முடிந்தது. ஆகஸ்டில் ராஜஸ்தான் கைகொடுத்தது. இடையில், ஜூலையில் பட்ஜெட் வந்தபோது, 1991-இல் நிதியமைச்சராகப் பொருளாதாரச் சீர்திருத்தப் பட்ஜெட்டை வாசித்தவர் அவையிலேயே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து அவரை அனுப்பலாம் என்று அப்போது பேச்சு அடிபட்டது, நடக்கவில்லை. எங்கள் எம்.பி. என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர்,
கும்பகோணம்.