அக்காவுக்கு, அந்தச் சிரிப்பைப் பற்றி

அக்கா,

இந்த வருஷமும் அக்டோபர் 28 வந்து போய்விட்டது. ஆறு நண்பர்களைப் பற்றிய அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 'ஃப்ரெண்ட்ஸ்'. அதில் சாண்ட்லராக நடித்த மேத்யூ பெர்ரி 2023-ல் இறந்த செய்தி இங்கே எட்டிய காலையில் நீ அனுப்பிய ஒற்றை வரி இன்னும் என் ஃபோனில் இருக்கிறது: "சாண்ட்லர் போயிட்டான்டி." நான் பதில் போடவில்லை. அப்போது நமக்குள் பேச்சு ஏன் நின்றிருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நாலு பேர் வாசிக்கிற இடம், அம்மாவும் வாசிப்பாள். ஆனால் அந்த வரிக்கு ஒரு பதில் கடன் இருக்கிறது.

அந்தத் தொடரில் வசனத்துக்கு நடுவே கேட்கிற சிரிப்பு நிஜம், நான் சொன்னதுபோல ஒட்டியதில்லை. நீ சொன்னதுதான் சரி.

அம்மா தூங்கிவிட்டாள் என்று நீ டி.வி. சத்தத்தைச் சுத்தமாக நிறுத்திய ராத்திரி. ஸ்டார் வேர்ல்டில் 'ஃப்ரெண்ட்ஸ்', ஐந்தாவது சீசன், 14-ஆவது எபிசோடு. சாண்ட்லரை மயக்குவதுபோல ஃபீபி நடிக்கிறாள், அவனும் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்கு நடிக்கிறான். இரண்டு பேரும் ஓரடி முன்னால் வருகிறார்கள். நிற்கிறார்கள். கையை எங்கே வைப்பது என்று தடுமாறுகிறார்கள். மறுபடி நிற்கிறார்கள். சத்தம் இல்லாததால் அந்த நிற்றல்கள் தனியாகத் தெரிந்தன. "பாருடி, அவங்க யாருக்கோ காத்திருக்காங்க" என்றாய். "பதிவு பண்ணின சிரிப்பை ஒட்டறதுக்கு இடம் விடறாங்க. எங்க சிரிக்கணும்னு சொல்லிக்கொடுத்தாத்தான் உனக்குச் சிரிப்பு வருமா?" என்று நான் கேட்டேன். நீ ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாய்.

அவர்கள் நிஜமாகவே காத்திருந்தார்கள், அக்கா. பர்பாங்கில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவில் 24-ஆம் எண் தளம் (முதல் சீசன் மட்டும் 5-ஆம் தளம்). மோனிகா வீட்டுக்கு மூன்று சுவர்தான். நாலாவது சுவர் இருக்கவேண்டிய பக்கம் கேமராக்கள், அவற்றுக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஏறக்குறைய 300 பேர். கிட்டத்தட்ட நாடக மேடைதான். கூட்டம் சிரிக்கும்போது நடிகர் அடுத்த வசனத்தைச் சொன்னால் அது சிரிப்பில் அமுங்கிவிடும். சிரிப்பு முழுசாக அடங்கிய பிறகு சொன்னால் வேகம் செத்துவிடும். ஏறிய சிரிப்பு இறங்க ஆரம்பிக்கிற இடத்தில் வாயைத் திறக்க வேண்டும். அதுவரை பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் முகத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சத்தமில்லாத டி.வி.யில் நீ பார்த்தது அந்தத் தாங்கலைத்தான்.

22 நிமிஷ எபிசோடுக்குப் படப்பிடிப்பு சுமார் 6 மணி நேரம் போகும். ஒரு நகைச்சுவைக்குக் கூட்டம் சிரிக்கவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடி வரியை மாற்றுவார்கள், அடுத்த டேக்கில் புதிய வரி போகும். லண்டன் எபிசோடில், சாண்ட்லரின் அறைக்குள் ராஸ் வந்து போனதும் போர்வைக்குள்ளிருந்து மோனிகா தலை நீட்டுவாள் இல்லையா, அங்கே கூட்டம் போட்ட கூச்சல் அடங்க ரொம்ப நேரமானது. ஒளிபரப்பில் அதைக் குறைத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. அதாவது சிரிப்பில் கத்தரி விழுந்தது நிஜம். அந்த அளவுக்கு நான் சொன்னதிலும் ஒரு பாதி இருக்கிறது. மீதிப் பாதிக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அந்தக் கூச்சல்தான் சாண்ட்லர்–மோனிகா கதை அவ்வளவு தூரம் போனதற்கே காரணம். கதையை நடத்தியதில் அந்தக் கூட்டத்துக்கும் பங்கு உண்டு.

2021-ல் ஆறு பேரும் மறுபடி கூடிய நிகழ்ச்சியில் பெர்ரி சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கூட்டம் சிரிக்கவில்லை என்றால் செத்துவிடுவேன் போல இருக்கும், ஒவ்வொரு ராத்திரியும் அப்படித்தான் இருந்தது என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஒரு மனுஷன் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த சிரிப்பை நான் ஒட்டுவேலை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் நீ என்னை உட்கார வைத்த இடமும் தப்பு. அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு நீ முதன்முதலில் காட்டியது மூன்றாவது சீசன் 16-ஆவது எபிசோடு, ராஸும் ரேச்சலும் பிரிகிற ராத்திரி. யார் எவர் என்றே தெரியாதவளுக்கு இரண்டு பேர் கத்துவதும், மற்ற நாலு பேர் பக்கத்து அறையில் மாட்டிக்கொண்டு கேட்பதும் எப்படிப் புரியும்? நான் சிரிக்கவில்லை என்று உனக்குக் கோபம் வேறு. ரசனை கெட்டவள் என்று நீ என்னை ஒதுக்கிய விதம் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

பாப்பாவுக்குப் போட்டுக் காட்டப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். அவளிடமும் அதே தப்பைச் செய்யாதே. முதல் எபிசோடிலிருந்து ஆரம்பிக்காதே, அதில் அறிமுகமே பெரும்பங்கு. முதல் சீசன் 7-ஆவது, ஊரெல்லாம் மின்சாரம் போகிற எபிசோடைப் போடு. ஏ.டி.எம். அறைக்குள் சாண்ட்லர் மாட்டிக்கொள்கிறான், மற்ற ஐந்து பேரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில். ஆறு பேரின் குணமும் அந்த 22 நிமிஷத்தில் பிடிபட்டுவிடும். அடுத்து மூன்றாவது சீசன் 2-ஆவது. ஒரே வரவேற்பறை, ஒரே சாயங்காலம், ராஸ் எல்லோரையும் கிளப்பப் படும் பாடு. கதை நடக்கிற நேரமும் நாம் பார்க்கிற நேரமும் ஒன்றே. செட், ஆள், இடம் எதுவும் மாறாமல் எழுத்தை மட்டும் நம்பி எடுத்தது. அதில் அவள் சிரித்துவிட்டால் முதலிலிருந்து போ. சிரிக்கவில்லை என்றால் நாலாவது சீசன் 12, வீட்டைப் பந்தயம் வைக்கிற வினாடி வினா. அதற்கும் சிரிக்கவில்லை என்றால் குழந்தையை விட்டுவிடு. அவள் மேல் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு போதும். மொத்தம் 236 எபிசோடு, 118 நாள் வரும். வாரம் ஒன்றாகப் பார்ப்பதற்கு எழுதியது. ஒரே மூச்சில் பத்து பார்த்தால் ஜோயி சாப்பிடுவதும் மோனிகா துடைப்பதும் வெறும் பழக்கமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். சப்டைட்டிலை முதல் ஒரு சீசனுக்கு மட்டும் வை. எழுத்து முதலில் வந்துவிடுகிறது, வசனம் வாயிலிருந்து வருவதற்குள் கண் படித்துச் சிரித்து முடித்துவிடுகிறது. சாண்ட்லரிடம் அது பெரிய நஷ்டம். யாரும் எதிர்பார்க்காத சொல்லில் அவர் அழுத்தம் வைப்பது காதில் விழுந்தால்தான் உண்டு. பழைய டி.வி.டி. கிடைத்தால் சதுரப் படத்திலேயே காட்டு. ஃபிலிமில் எடுத்ததால் பிற்பாடு அகலப் படமாக்க முடிந்தது. ஆனால் எடுத்தபோது ஓரங்கள் யாருக்கும் தெரியாது என்று விட்டிருந்ததால், சில இடங்களில் நடிகருக்குப் பதில் நின்ற ஆள் அப்படியே தெரிகிறார்.

பாப்பா சில இடத்தில் முகம் சுளிப்பாள். மோனிகாவின் பழைய குண்டு உடம்பை வைத்துச் செய்த கேலி, பெண்ணாக வாழும் சாண்ட்லரின் அப்பாவை வைத்துச் செய்தது. நியூயார்க்கில் கதை நடந்தும் ஆறு பேரும் வெள்ளையர். உருவாக்கிய இருவரில் ஒருவரான மார்த்தா காஃப்மனே பின்னாளில் அதற்கு வெட்கப்படுவதாகச் சொல்லி, 2022-ல், தாம் படித்த பிரான்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுத் துறைக்கு 40 லட்சம் டாலர் கொடுத்தார். "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லி அவள் வாயை அடைக்காதே. என் வாயை அப்படி நிறைய அடைத்திருக்கிறாய்.

அந்த ஆறு பேரும் சம்பளம் பேசப் போனபோது சேர்ந்தே போனார்கள். யாருக்கும் யாரையும்விட ஒரு டாலர் கூட அதிகம் வேண்டாம் என்று நின்றார்கள். கடைசி இரண்டு சீசனில் ஆளுக்கு எபிசோடுக்கு 10 லட்சம் டாலர். பிரித்துப் பேசியிருந்தால் யாராவது ஒருவருக்கு முன்னாலேயே கிடைத்திருக்கும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதமாட்டேன். உனக்குப் புரியும்.

கடைசி எபிசோடைச் சேர்ந்து பார்ப்போம் என்று சொன்னது நீ. தனியாகப் பார்த்துவிட்டு "செமயா இருந்துச்சு" என்று ஃபோனில் சொன்னதும் நீ. அதனால்தான் 234-ஓடு நிறுத்தி வைத்திருக்கிறேன். கடைசி வசனம் சாண்ட்லருடையது என்பது மட்டும் தெரியும், என்ன வசனம் என்று யாரையும் சொல்ல விடவில்லை.

பத்தாவது சீசன், 17-ம் 18-ம். வர சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போடுகிறேன். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா விழித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சத்தத்தை வைத்தே பார்ப்போம்.