வாட்டர்கேட் படமும் வரலாறுதான், செல்வம்

அன்புள்ள செல்வம்,

இங்கு எல்லோரும் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். செல்போனைக் கொஞ்ச நாள் தள்ளி வை. தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன், உட்கார்ந்து பேசலாம்.

உன் பேத்தி இதழியல் படிப்பில் சேர்ந்தது எனக்கு ரொம்பவே சந்தோஷம். ‘ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்’ படத்தைப் பார்க்கச் சொல்லி அவளுக்கு நான் எழுதியது உனக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. “வாட்டர்கேட் தெரிய வேண்டுமென்றால் புத்தகம் படிக்கட்டும், சினிமா எப்படி வரலாறாகும்?” என்று கேட்டிருக்கிறாய். காலமெல்லாம் வகுப்பில் வரலாறு நடத்தியவன் நீ, உன் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாடப் புத்தகத்தில் அது எப்படி இருக்கும்? 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். அதில் தன் ஆட்களுக்கு இருந்த தொடர்பை மூடி மறைத்த விவகாரத்தில் 1974 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் நிக்சன் பதவி விலகினார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இரண்டு வருஷம் ஓடிவிடுகிறது. முடிவு தெரிந்து படிக்கிற நமக்கு, எல்லாம் இப்படித்தான் நடந்திருக்கும் என்று தோன்றிவிடும். அப்போது வாழ்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றவே இல்லை. கைதுகள் நடந்து ஐந்து மாதம் கழித்து, 1972 நவம்பரில், நிக்சன் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்தொன்பதை ஜெயித்தார். படத்தின் நாயகர்களான, வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் நிருபர்கள் பாப் உட்வர்டும் கார்ல் பெர்ன்ஸ்டீனும் அதற்குள் எத்தனையோ எழுதிவிட்டார்கள். நாடு அசையவில்லை. அசையுமா என்றும் யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையைப் புத்தகத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம். படம் அதற்குள்ளேயே நம்மை உட்கார வைக்கிறது.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். பிடிபட்டவர்களில் ஒருவனுடைய மயாமி வங்கிக் கணக்கில் 25,000 டாலர் செக் ஒன்று விழுந்திருக்கிறது. செக்கில் இருப்பது கென்னத் டால்பெர்க் என்ற பெயர். யார் என்றே தெரியாத அந்த ஆளுக்கு உட்வர்ட் போன் போடுகிறார். கேமரா ஏறக்குறைய ஆறு நிமிஷம் வெட்டே இல்லாமல், உட்வர்டாக நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஒரு மனிதர் கேள்வி கேட்கிறார், காத்திருக்கிறார், கையிலிருக்கும் காகிதத்தில் கிறுக்குகிறார். நிக்சனின் தேர்தல் நிதிக்குப் பொறுப்பாக இருந்த மாரிஸ் ஸ்டான்ஸிடம் அந்தப் பணத்தைக் கொடுத்ததாக மறுமுனையில் இருப்பவர் சொல்லிவிடுகிறார். திருட்டுக் கும்பலுக்கும் தேர்தல் நிதிக்கும் நடுவே இருந்த சுவரில் முதல் ஓட்டை அப்படி விழுகிறது. ஒரு செய்தி எப்படிப் பிறக்கிறது என்று இதைவிடத் துல்லியமாகக் காட்டிய வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

நிக்சனின் தேர்தல் குழுவில் கணக்கு எழுதிய பெண்ணின் வீட்டுக்கு பெர்ன்ஸ்டீன் போகும் காட்சியும் அப்படித்தான். ஒரு சிகரெட், ஒரு காபி என்று சாக்குச் சொல்லி உள்ளே உட்கார்ந்துவிடுவார். அவள் பெயர்களைச் சொல்ல மாட்டாள், முதல் எழுத்துகளை மட்டும் சொல்வாள். ஜேன் அலெக்ஸாண்டர் நடித்திருக்கிறார். நல்லது செய்ய நினைக்கிற ஒரு சாதாரண ஊழியர் எவ்வளவு பயந்திருப்பார் என்பதை அந்த முகத்தில் பார்க்கலாம். நீதிமன்ற ஆவணத்தில் அவருடைய சாட்சியம் இருக்கும், அந்தப் பயம் இருக்காது. ஆட்சிகளின் வரலாற்றில் அந்தப் பயத்துக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று. கதவுப் பூட்டில் ஒட்டியிருந்த டேப்பைக் கவனித்துப் போலீஸைக் கூப்பிட்ட காவலாளி ஃபிராங்க் வில்ஸ். படத்தின் தொடக்கத்தில் அந்தக் காவலாளியாக நடித்திருப்பது அதே ஃபிராங்க் வில்ஸ்தான். 1976இல் படம் வந்தபோது நிக்சன் பதவி விலகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதனால்தான் இந்தப் படத்தையே ஒரு ஆவணம் என்கிறேன். அந்த மனிதருக்குப் பிறகு நிலையான வேலை அமையவில்லை. சிரமத்திலேயே வாழ்ந்து 2000இல் இறந்துபோனார். அதிபருக்கு அடுத்த அதிபர் மன்னிப்பு கொடுத்தார், காவலாளியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் மனம் கனக்கிறது.

படம் விட்டதும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. செய்தியை நாள்தோறும் வழிநடத்திய நகர ஆசிரியர் பாரி சஸ்மன் படத்திலேயே இல்லை. பத்திரிகையின் உரிமையாளர் கேத்ரின் கிரஹாமும் திரையில் வருவதில்லை. திருட்டு வழக்கை விசாரித்த நீதிபதி சிரிகா, செனட்டர் சாம் எர்வினின் விசாரணைக் குழு, நிக்சனின் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களைக் கொடுக்கச் சொல்லி 1974 ஜூலை 24 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு, இவையெல்லாம் சேர்ந்துதான் நிக்சனை இறக்கின. இரண்டு இளைஞர்கள் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு ஒரு அதிபரை வீழ்த்தினார்கள் என்று ஊர் பேசுவதற்கு இந்தப் படமும் ஒரு காரணம். ஆனால் படம் அப்படிச் சொல்வதில்லை, கவனித்துப் பார். கடைசிக் காட்சியில் டிவியில் நிக்சன் இரண்டாம் முறை பதவி ஏற்கிறார், பீரங்கி முழங்குகிறது, பின்னால் இருவரும் தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறார்கள். மீதிக் கதை முழுவதும் டெலிபிரிண்டர் அடிக்கும் சில வரிகளாக முடிந்துவிடும். கதாநாயகர்கள் தோற்றுக்கொண்டிருக்கும்போதே படத்தை முடிக்க நிறையத் துணிச்சல் வேண்டும்.

உன் பேத்தியிடம் இந்த இடத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். கார் நிறுத்தும் இடத்தின் இருட்டில் நின்று துப்புக் கொடுக்கும் மனிதரைப் பற்றி. “பணத்தின் பின்னால் போ” என்று அவர் சொல்வதாக உலகமே மேற்கோள் காட்டுகிறது. படத்துக்கு மூலமான, உட்வர்டும் பெர்ன்ஸ்டீனும் எழுதிய புத்தகத்தில் அந்த வசனம் இல்லை, அது திரைக்கதை ஆசிரியர் வில்லியம் கோல்ட்மனுடையது. அந்த மனிதர் எஃப்.பி.ஐ.யின் இரண்டாம் இடத்தில் இருந்த மார்க் ஃபெல்ட் என்று 2005இல்தான் தெரிய வந்தது. எஃப்.பி.ஐ.யின் தலைவர் ஹூவர் இறந்ததும் தலைமைப் பதவி தனக்கு வரும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர் அவர். அது மட்டுமா? தீவிரவாதிகளைத் தேடுகிறோம் என்று வாரண்ட் இல்லாமல் வீடு புகுந்து சோதனையிட அனுமதி கொடுத்த வழக்கில் 1980இல் தண்டிக்கப்பட்டவரும் அவரே. அடுத்த வருஷம் அதிபர் ரீகன் மன்னித்தார். படத்தில் அவர் நிழலில் நிற்கும் மனசாட்சி. நிஜத்தில் கோபமும் பதவி ஆசையும் உள்ள ஒரு அதிகாரி, அவர் கொடுத்த தகவலோ உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவிக்கு, தகவல் தருபவர் நல்லவராக இருக்க வேண்டிய அவசியமில்லை, தகவல் சரிபார்க்கப்பட வேண்டும் என்பது தானாகப் புரியும். சரிபார்ப்பதில் அவர்கள் சறுக்கியதும் படத்தில் இருக்கிறது. செய்தி தவறென்றால் நான் பத்து எண்ணுவதற்குள் போனை வைத்துவிடு என்று பெர்ன்ஸ்டீன் ஒருவரிடம் சொல்ல, அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்ள, பத்திரிகையின் மானமே போகப் பார்க்கும்.

ஸ்பீல்பெர்க்கின் ‘த போஸ்ட்’ 2017இல் வந்தது. அதில் கேத்ரின் கிரஹாமுக்கு அவருக்குரிய இடம் கிடைத்தது, நல்ல விஷயம். ஆனால் அந்தப் படம் பேசும் பென்டகன் ஆவணங்களை, அதாவது வியட்நாம் போர் பற்றிய அமெரிக்க அரசின் ரகசிய ஆவணங்களை, 1971 ஜூன் 13 அன்று முதலில் வெளியிட்டது நியூயார்க் டைம்ஸ். படம் பார்த்தவர்கள் பலருக்கு அது மனதில் நிற்பதில்லை. நீ பயப்படுவது இதற்குத்தான் என்றால், அந்தப் பயம் எனக்கும் உண்டு.

ஸ்வீடனிடம் பீரங்கி வாங்கியதில் கமிஷன் கைமாறிய போஃபர்ஸ் விவகாரம் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? 1988இல் நம் மெட்ராஸிலிருந்து வந்த ஹிந்துவில் ஸ்வீடன் ஆவணங்களின் நகல்களையே அச்சிட்டார்கள். சித்ரா சுப்பிரமணியமும் என். ராமும் எழுதியதை டீக்கடை பெஞ்சில் வைத்து வரிவரியாகப் படித்தோமே. ஆவணங்களைக் கொடுத்தவர் ஸ்டென் லின்ட்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் போலீஸ் அதிகாரி என்று 2012இல்தான் வெளியே வந்தது. 1989இலேயே ஹிந்து அந்தத் தொடரை நிறுத்தியதும், சித்ரா வேறு பத்திரிகைக்குப் போனதும் வாட்டர்கேட் கதையில் இல்லாத திருப்பங்கள். ஜெனீவாவில் ஒரு பெண் நிருபர் தனியாக அலைந்த அந்த நாட்களை, இந்த அளவுக்குப் பொறுமையோடு காட்டிய படம் என்று உன் பேத்தியிடம் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு போஃபர்ஸ் என்றால் ஒரு பீரங்கி, ஒரு தேர்தல் தோல்வி, அவ்வளவுதான். அந்த உழைப்பு அவர்கள் கண்ணில் படவே இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் இருக்கிறது.

நீ அந்த நாள் ஹிந்து பக்கங்களைக் கத்தரித்துப் பைண்டு செய்து வைத்திருந்தாய். பரணில் இன்னும் இருக்கிறதா? கரையான் அரிக்காமல் இருந்தால் பையனை விட்டு இறக்கச் சொல், கண்ணில் தூசி விழும், நீ ஏறாதே. நான் வரும்போது ஸ்கேன் செய்துவிடலாம். பேத்தியும் அப்போது ஊரில் இருந்தால் நல்லது.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன்
கணேசன்