நம் நூலகப் பட்டியலை மீட்டுத் தந்தவர்களுக்கு

நம் கிளை நூலகத்து வாசகர்களுக்கும், வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நேற்றுச் சாயங்காலம் கடைசி அலமாரியும் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரு புத்தகம் நம்மிடம் இருக்கிறதா, யாராவது எடுத்துப்போயிருக்கிறார்களா, வெள்ளத்தோடு போய்விட்டதா என்று இனி நீங்கள் வீட்டில் இருந்தபடியே போனில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான். இந்த மனநிலை ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று காலையில் முதல் வேலையாக உட்கார்ந்திருக்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நாடறிந்த சங்கதி. நூலகத்துக்குள் தண்ணீர் எந்தத் தட்டு வரைக்கும் ஏறியது என்பதைச் சேறு வாரிய நீங்களே பார்த்தீர்கள். நூல் இருப்புப் பதிவேட்டைப் பிரிக்க முடியாமல் வெயிலில் வைத்துவிட்டு நாங்கள் நின்றதையும் பார்த்தீர்கள். அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

பதிவேடு போனால் நூலகத்துக்கு ஞாபகமே போன மாதிரி. புதிதாக எழுத வேண்டும் என்று ஆனபோது, மறுபடி நோட்டில் எழுதுவதா, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் எழுதுவதா என்று வாசகர் வட்டத்தில் பேச்சு வந்தது. இணையத்தில்தான் என்று முடிவானது. எங்களுக்குக் கணினி தெரியாமல் இல்லை. மாதாந்திர அறிக்கை அனுப்புவோம், மின்னஞ்சல் பார்ப்போம். ஆனால் இணையத்தில் ஒரே கூகுள் தாளில் நாலு பேர் நாலு இடத்தில் இருந்து எழுதுவது, வாசகர் பதில் தானாக வந்து பட்டியலில் விழுவது, படம் எடுத்ததும் அது எல்லார் கண்ணிலும் படுவது, இதெல்லாம் எங்களுக்குப் புது உலகம். நூலகத்தில் நாங்கள் மூன்று பேர். நான், ஓய்வுபெற அதிகக் காலம் இல்லாத எங்கள் உதவியாளர் அண்ணாச்சி, கூட்டிப் பெருக்க வரும் அக்கா.

இந்த இடத்தில்தான் ஒரு தங்கச்சி வந்தாள். பேர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குரூப் 4 தேர்வுக்காக ஜன்னல் ஓரத்து மேசையில் தினமும் உட்கார்ந்து படிக்கிறவள் என்றால் பலருக்கும் தெரிந்துவிடும். அவள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் போனதுதான். எழுதிவைத்த குறிப்பு நோட்டெல்லாம் போய்விட்டது. அதோடுதான் வந்து, “அக்கா, நான் கூட உக்காரட்டுமா?” என்று கேட்டாள்.

எங்களுக்குக் கணினி சொல்லிக்கொடுக்க முன்பும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். எல்லாரும் நல்லவர்கள், நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள். நான் அம்புக்குறியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே “இங்க குடுங்க மேடம்” என்று மவுஸை வாங்குவார்கள். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். “அவ்வளவுதான் மேடம்” என்பார்கள். நாங்களும் தலையை ஆட்டுவோம். அவர்கள் போனபிறகு திரையைப் பார்த்தால் எதில் தொடங்குவது என்றே தெரியாது. மறுபடி கூப்பிட்டுக் கேட்கவும் கூச்சமாக இருக்கும்.

இவள் ஒரு முறைகூட மவுஸைத் தொடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, துப்பட்டா நுனியை இரண்டு கைக்குள்ளும் சுருட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் தவறான இடத்துக்குப் போனாலும் பேசாமல் இருப்பாள். கேட்டால் மட்டும், “இன்னும் கொஞ்சம் மேலே, அக்கா. பச்சை எழுத்து தெரியுதா?” என்பாள். அவளுக்கு ஒரு நிமிஷ வேலை, எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவள் படிப்பு நேரத்தில் இருந்து போவது. அதை அவள் முகத்தில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஏன் இப்படிச் செய்கிறாய் என்று பிறகு கேட்டேன். “எங்கம்மாவுக்கு போன்ல எல்லாம் நானே போட்டுக் குடுப்பேங்க்கா. கரண்ட் பில்லு, பணம் அனுப்புறது எல்லாம். நான் ஹாஸ்டலுக்குப் போன அன்னைக்குத்தான் அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு தெரிஞ்சுது. நான் செஞ்சது உதவியே இல்லன்னு அப்பத்தான் பட்டுது” என்றாள். இந்த வயதில் இவ்வளவு யோசனை எங்கிருந்து வந்தது என்று நான் இன்னும் வியந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அண்ணாச்சி விஷயத்தையும் சொல்ல வேண்டும், அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவர் விசைப்பலகைப் பக்கமே வரமாட்டேன் என்றார். “நான் எதையாச்சும் அமுக்கி, இருக்கிறதும் போயிட்டுன்னா?” என்பதுதான் அவர் கேள்வி. பதிவேடு கூழாகிக் கிடந்ததைத் தன் கையால் அள்ளியவர் கேட்கிற கேள்வி அது. சும்மா “பயப்படாதீங்க” என்று சொன்னால் தீராது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? “அண்ணாச்சி, நாடகப் பகுதியை முழுசா அழிங்க” என்றாள். அவர் மாட்டேன் என்றார். அவள் வற்புறுத்தவில்லை, காத்திருந்தாள். கடைசியில் அவரே வரிகளைத் தேர்ந்தெடுத்து அழித்தார். திரை வெறுமையாகிவிட்டது. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்புறம் அவள் சொல்லச் சொல்ல அவரே கோப்பு என்ற இடத்தைத் திறந்து, பதிப்பு வரலாற்றுக்குள் போனார். வலது பக்கத்தில் நாளும் நேரமும் வரிசையாக வந்தன. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு முந்தைய பதிப்பைத் தொட்டு, மீட்டெடு என்பதைச் சொடுக்கினார். நாடகங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. யாரும் சொல்லாமலே அவர் மறுபடி அழித்தார், மறுபடி கொண்டுவந்தார். “அப்போ இது தண்ணியில போகாதா?” என்று கேட்டார். “நம்ம ஊர்த் தண்ணியில போகாது அண்ணாச்சி. ஆனாலும் வாரம் ஒரு நகல் இறக்கித் தனியா வச்சிருவோம்” என்றாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை நகல் எடுப்பது அண்ணாச்சி பொறுப்பு. ஒரு வாரமும் தவறியதில்லை.

தமிழில் தட்டுவதற்கும் அவள் ஒரே வழியை எல்லார் மேலும் திணிக்கவில்லை. அண்ணாச்சி அந்தக் காலத்தில் தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவர். என்.எச்.எம். ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் அவருக்குப் பழைய தட்டச்சு முறையையே தேர்ந்தெடுக்கச் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்தும் அவர் விரல்கள் எழுத்தைத் தேடவே இல்லை, தானாக ஓடின. எனக்கு 1999-இல் அரசு கொண்டுவந்த தமிழ்99 விசைப்பலகை முறை. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெல்லாம் வலது கைக்கு. அம்மா என்று எழுத அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும், புள்ளி தானாக விழுந்துவிடும். அக்காவுக்குத் தட்டச்சே வேண்டாம். தலைப்புப் பக்கத்தைப் போனில் படம் எடுப்பார், பெயரை வாயால் சொல்லுவார், அது எழுத்தாகிவிடும். நிழல் விழாமல், எழுத்து சாயாமல் எங்கள் மூன்று பேரில் நன்றாகப் படம் எடுக்கிறவர் அவர்தான். உங்கள் போனில் நீங்கள் பார்க்கும் அட்டைப் படங்களில் பெரும்பாலானவை அக்கா எடுத்தவை. துடைப்பம் பிடித்த கைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஆரம்பத்தில் தயங்கியவர், இன்று வாசகருக்குத் தேடிக் காட்டுகிறார்.

ஒரு பழைய பென் டிரைவில் கொஞ்சம் புத்தகங்களின் பட்டியல் தப்பியிருந்தது. திறந்தால் தமிழே இல்லை, புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாக இருந்தது. பழைய எழுத்துருவில் தட்டியது அது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்ட பிறகும் பழைய எழுத்துருக்களில் எழுதிவைத்தவை இன்னும் எத்தனையோ இடங்களில் கிடக்கின்றன. மாற்றித் தரும் இணையக் கருவியில் ஒட்டியதும் அத்தனையும் தமிழாக மாறி நின்றது. உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எங்களிடம் கொண்டுவாருங்கள்.

இனி மற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதினால் மடல் முடியாது. சேறு வாரியவர்கள், நனைந்த பக்கங்களுக்கு இடையில் செய்தித்தாள் வைத்துப் பொறுமையாக உலர்த்திய பள்ளிப் பிள்ளைகள், எங்கள் லைன் சரியாகும் வரைக்கும் தன் இணைப்பைப் பயன்படுத்தச் சொன்ன ஜெராக்ஸ் கடை அண்ணன், அலமாரி வாங்கித் தந்த புரவலர்கள், தங்கள் வேலைக்கு நடுவே வந்து பகுப்பு எண்ணைச் சரிபார்த்துத் தந்த மாவட்ட மைய நூலகத்து நண்பர்கள், எல்லாருக்கும் நன்றி. “உங்கள் வீட்டில் நம் நூலகப் புத்தகம் இருக்கிறதா?” என்று கூகுள் படிவம் அனுப்பியபோது பதில் எழுதியவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அன்றைக்கு நூலகத்துக்குள் இருந்த புத்தகங்களில்தான் நிறைய இழந்தோம். நீங்கள் இரவல் வாங்கி மேட்டுத் தெரு வீடுகளில் வைத்திருந்தவை பிழைத்துக்கொண்டன. தவணை தாண்டிவிட்டதே என்று வெட்கப்பட்டு எழுதியவர்களே, அந்தத் தாமதம்தான் அந்தப் புத்தகங்களைக் காப்பாற்றியது. அபராதம் பற்றி நினைக்கவே வேண்டாம்.

சாயங்காலங்களில் வீடியோ அழைப்பில் வந்து எங்களோடு உட்கார்ந்த நூலக அறிவியல் மாணவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். அவர்தான் சார்லட் கதையைச் சொன்னார். அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கிற ஊர் அது. 2006-இல் அங்கே பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்பவர் தம் ஊழியர்களுக்காக 23 சின்னக் காரியங்களை வரிசைப்படுத்தினாராம். வலைப்பூ தொடங்கு, படம் ஏற்று, விக்கியில் எழுது, இப்படி. அவரவர் வேகத்தில், விளையாட்டுப்போலச் செய்து பார்க்கலாம். முடித்தவர்களுக்கு எம்.பி.3 பிளேயர் பரிசு. பிறகு பல நாட்டு நூலகங்கள் அதை எடுத்துக்கொண்டன. எங்களுக்குப் பரிசெல்லாம் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு காரியம், அதுவும் நம் சொந்த வேலையிலேயே செய்து பழகுவது என்ற அந்த முறையைப் பிடித்துக்கொண்டோம். பட்டியலின் பத்திகளை அமைத்ததும் அவர் யோசனைப்படிதான். நாளைக்கு கோஹா போன்ற நூலக மென்பொருளுக்கு மாறினால் எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டியிராது. அந்தக் கோஹாவும் நியூசிலாந்தில் ஒரு சிறிய ஊரக நூலக அமைப்பு தன் தேவைக்காக 1999-இல் செய்யச் சொல்லி, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னபோது எங்களுக்கே ஒரு தெம்பு வந்தது.

போன புத்தகங்களை நினைத்தால் மனசு ஆறத்தான் இல்லை. ஆனால் அதிலும் ஓர் ஆறுதல் கிடைத்தது. ஒரு பெரியவர் வந்து தாம் சின்ன வயதில் இங்கே படித்த நூலைக் கேட்டார். அது போய்விட்டது. முன்பாக இருந்தால் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்போம். அண்ணாச்சி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடினார், பலரும் சேர்ந்து பழைய நூல்களைத் தட்டி ஏற்றும் விக்கிமூலம் என்ற இணையதளத்தில் தேடினார், கண்டுபிடித்தும் விட்டார். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக் கொடுத்தார். நாட்டுடைமையான நூல்கள் எத்தனையோ விக்கிமூலத்தில் இருக்கின்றன. வருடி எடுத்த பக்கமும் பக்கத்திலேயே தட்டெழுத்தும் இருக்கும். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்துவிட்டால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. தான் பார்த்த பக்கத்தைத் தானே பச்சையாக்க முடியாது, வேறு ஒரு ஆள் வேண்டும். அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அதனால் எங்கள் மூன்று பேர் சார்பிலும் ஒரு உறுதி சொல்கிறேன். நூலகம் திறந்திருக்கும் ஒவ்வொரு நாளும் விக்கிமூலத்தில் ஒரு பக்கமாவது மெய்ப்புப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவோம். அண்ணாச்சி மஞ்சளாக்கியதை நான் பச்சையாக்குவேன், நான் மஞ்சளாக்கியதை அவர். யாரோ முகம் தெரியாதவர்கள் தட்டிவைத்ததால்தான் அந்தப் பெரியவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க முடிந்தது.

பக்கத்து ஊர்ப்புற நூலகங்களில் இருந்தும் கற்றுக்கொள்ள வருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாக வரட்டும். உங்கள் புத்தகப் பட்டியலையே கொண்டுவாருங்கள், அதில் வைத்தே பழகலாம். எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்திருப்போம்.

படிவம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. வீட்டில் நம் முத்திரை போட்ட புத்தகம் கண்ணில் பட்டால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தத் தங்கச்சிக்குத் தேர்வு நெருங்குகிறது. பட்டியலில் தேடத் தெரியவில்லை, போனில் திறக்கவில்லை என்று ஜன்னல் ஓரத்து மேசைக்குப் போய்விடாதீர்கள். அவள் எழுந்து வந்துவிடுவாள், அவளுக்கு மறுக்கத் தெரியாது. எந்தச் சந்தேகமாக இருந்தாலும் என்னிடம் கேளுங்கள், அண்ணாச்சியிடம் கேளுங்கள், அக்காவிடம் கேளுங்கள். நாங்களே சொல்லித்தருகிறோம்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் கிளை நூலகர்