எதிராளியைப் பற்றி மருமகனுக்கு

டர்பன்

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல்.

சென்ற மாதம் ஜூனியர் டென்னிஸ் போட்டியின் காலிறுதியில் தோற்றதும் நீ எதிராளியின் கையை விரல் நுனியால் தொட்டுவிட்டு வந்தாய். காரில் உன் அம்மா கண்டித்தபோது, "பெரிய ஆட்டக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொள்வதெல்லாம் கேமராவுக்காகத்தான், உள்ளுக்குள் வெறுக்காதவன் ஜெயிக்க மாட்டான்" என்றாய். தோற்ற சூட்டில் இருப்பவனிடம் பேசிப் பயனில்லை என்பதால் அன்று நான் வாய் திறக்கவில்லை. இப்போது எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் எழுதுவதற்குக் காரணம், சனிக்கிழமைதோறும் கம்பி வேலிக்கு வெளியே நின்று பிள்ளைகளை உசுப்பிவிடும் பெற்றோர் சிலரும் உன் கட்சியில்தான் இருக்கிறார்கள் என்பதே.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெறுப்பை வைத்துக்கொண்டும் ஜெயிக்கலாம். அமெரிக்காவின் ஜிம்மி கானர்ஸ் பலரோடும் ஒட்டாமல்தான் உலகின் முதலிடத்தில் இருந்தார். 1975 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் சக அமெரிக்கரான ஆர்தர் ஆஷை எதிர்த்து அவர் இறங்கியபோது, அதே ஆஷ்மீது அவர் தொடுத்த வழக்கு நிலுவையில் இருந்தது. ஆஷும் சாதுவாக வரவில்லை. நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பைக்கு ஆட மறுத்த கானர்ஸின் கண்ணில் படும்படி, அமெரிக்க அணியின் டேவிஸ் கோப்பை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் புல்தரைக்கு வந்தார். வேகத்தை விரும்பும் கானர்ஸுக்கு வேகமே இல்லாத பந்துகளாகக் கொடுத்து நான்கு செட்டில் அவரை முடித்தார். அந்த இருவரையும் நண்பர்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆகவே பண்பு இருந்தால்தான் வெற்றி வரும் என்று உனக்கு யாராவது உபதேசம் செய்தால் நம்பாதே. 2020 பிப்ரவரியில் கேப் டவுனில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்க்க ஃபெடரரும் நடாலும் ஆடியதையும் நான் சாட்சிக்கு அழைக்கப்போவதில்லை. ஃபெடரரின் தாயார் நம் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குப் பெருமைதான்; ஆனாலும் அது அறப்பணிக்கு நிதி திரட்ட நடந்த காட்சி ஆட்டம், அங்கே எல்லோரும் சிரிக்கத்தான் செய்வார்கள்.

அமெரிக்காவின் கிரிஸ் எவர்ட், செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த மார்ட்டினா நவ்ரத்திலோவா என்ற இரு வீராங்கனைகளின் கதைதான் எனக்கு வேண்டியது. உன் வாதத்தை அவர்களே நடைமுறையில் சோதித்துப் பார்த்தவர்கள். 1973 முதல் 1988 வரை அவர்கள் 80 முறை மோதினார்கள். அவற்றில் 60 இறுதியாட்டங்கள். தொடக்கத்தில் இருவரும் தோழிகள், இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளிகள். 1976இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தைச் சேர்ந்தே வென்றார்கள். மார்ட்டினா தனியாட்டத்தில் தன்னை வெல்லத் தொடங்கியதும், தன் ஆட்டத்தை இவள் அளவுக்கு மீறித் தெரிந்துகொள்கிறாள் என்று எண்ணி அந்தக் கூட்டை முறித்தவர் எவர்ட். பிறகு 1981இல் ஒரு போட்டியில் எவர்ட் 6-0, 6-0 என்று மார்ட்டினாவைத் துடைத்துப் போட்டார். அதன்பின் மார்ட்டினாவின் உடற்பயிற்சியை ஏற்றுக்கொண்ட கூடைப்பந்து வீராங்கனை நான்சி லீபர்மன், உடம்பை முறுக்கேற்றியதோடு, எவர்ட்டை நண்பராக நினைக்காதே, வெறுக்கப் பழகு என்றும் சொல்லிக்கொடுத்தார். நீ காரில் சொன்னதும் அதுதான்.

அது பலித்தது என்பதை மறைக்க மாட்டேன். 1982 கடைசியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக எவர்ட் அவரிடம் வரிசையாகத் தோற்றுக்கொண்டே இருந்தார். ஆனால் அந்த வெற்றிக்கு வெறுப்பா காரணம், ஓட்டமும் எடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடுமா காரணம்? என் கணிப்பில் வெறுப்பின் பங்கு மிகச் சிறியது. ஏனெனில் சில ஆண்டுகளில் அந்த வெறுப்பு கரைந்துபோன பிறகும் மார்ட்டினா வென்றுகொண்டுதான் இருந்தார். எவர்ட்டும் சும்மா இருந்துவிடவில்லை. அவரை எதிர்கொள்ள உடம்பைத் தேற்றி, வலையை நோக்கி வரக் கற்றுக்கொண்டு, 1985 பிரெஞ்சு ஓபன் இறுதியாட்டத்தில் மூன்றாம் செட்டை 7-5 என்று எடுத்து அவரை வென்றார். மறு ஆண்டு, தாய்நாட்டை விட்டு வெளியேறிய மார்ட்டினா முதல் முறையாக, அதுவும் அமெரிக்க அணிக்காக, பிராக் நகரில் ஆடத் திரும்பியபோது, அதே அணியில் அவரோடு இருந்தவர் எவர்ட். மொத்தக் கணக்கு 43-37, மார்ட்டினாவுக்குச் சாதகம். பிற்காலத்தில் இருவருக்கும் புற்றுநோய் வந்தபோது ஒருவருக்கொருவர் துணையாக நின்றார்கள். அங்கே வெல்ல வேண்டிய பட்டம் எதுவும் இல்லை.

இனி நான் உண்மையில் எழுத வந்த விஷயம். கைகுலுக்கலைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. இரண்டாவது செட்டில் உன் எதிராளி, உன்னுடைய நல்ல பந்தொன்றை அவுட் என்றான். அது எனக்கும் தெரியும். அதற்குப் பதிலாக அடுத்த கேமில் பின்கோட்டின் மேலேயே விழுந்த அவனுடைய பந்தை நீ அவுட் என்று விரலைத் தூக்கினாயே, அப்போது நான் அந்தக் கோட்டுக்கு நேர் பின்னால் நின்றிருந்தேன். பந்து கோட்டின் வெள்ளைச் சாயத்தைக் கிளப்பிக்கொண்டு எழுந்தது. நீயும் பார்த்தாய், ஏனெனில் உடனே என் பக்கம் திரும்பினாய்.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் வலைக்கு இந்தப் பக்கம் விழும் பந்துக்கு நீயே நடுவன். சந்தேகம் இருந்தால் பந்து நல்ல பந்து, அந்தச் சலுகை எதிராளிக்கு. அவன் உன்னை ஏமாற்றுகிறான் என்று பட்டால் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் களத்தருகே நிற்கச் சொல்ல உனக்கு உரிமை உண்டு. இவ்வளவுதான் விதி. பதிலுக்குப் பதில் என்று அதில் எங்கும் இல்லை.

2005இல் ரோம் நகரில் ஆண்டி ராடிக், ஸ்பெயினின் வெர்டாஸ்கோவை எதிர்த்து முதல் செட்டை எடுத்துவிட்டு, இரண்டாவதில் 5-3 என்று, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற மேட்ச் பாயிண்டில் நின்றார். வெர்டாஸ்கோவின் இரண்டாவது செர்வும் வெளியே என்று கோட்டு நடுவர் கத்திவிட்டார். கைகுலுக்க வெர்டாஸ்கோ வலைக்கு வந்துகொண்டிருந்தார். களிமண் தரையில் பந்தின் தடத்தைப் பார்த்த ராடிக், பந்து உள்ளே விழுந்தது என்று தானே நடுவரிடம் சொல்லி அந்தப் புள்ளியை விட்டுக்கொடுத்தார். அப்புறம் அந்த ஆட்டத்திலேயே தோற்றும் போனார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கடைசி வரியை விழுங்கிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம். நேர்மைக்கு விலை இருந்தது, அவர் கொடுத்தார்.

இது பழைய கதை என்பாய். 2025 பிரெஞ்சு ஓபனில், பென் ஷெல்டன் தன்னைக் கடந்துபோகும்படி அடித்த பந்தை எட்டித் தொட ஸ்பெயினின் அல்கராஸ் பாய்ந்தபோது மட்டை அவர் கையை விட்டு நழுவிப் பறந்தது. பறந்த மட்டையில் பட்ட பந்து வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் விழுந்தது. நடுவர் புள்ளியை அல்கராஸுக்குக் கொடுத்துவிட்டார். அந்த நொடியில் மட்டை கையில் இருந்ததா இல்லையா என்பது அவர் ஒருவருக்குத்தான் திட்டமாகத் தெரியும். அவரே சென்று, மட்டை என் கையில் இல்லை என்று சொன்னார். புள்ளி ஷெல்டனுக்குப் போனது. ஆட்டத்தை அல்கராஸ்தான் வென்றார் என்பது வேறு. விம்பிள்டனில் அதே ஆண்டு முதல் கோட்டு நடுவர்களுக்குப் பதில் இயந்திரமே கோட்டைப் பார்க்கிறது. ஆனால் மட்டை நழுவியதையும், பந்து இருமுறை குதித்ததையும் அறிய இன்னும் ஆட்டக்காரனின் வாயை நம்பவேண்டியிருக்கிறது. இயந்திரம் உன் மட்டத்துப் போட்டிகளுக்கு வர வெகுகாலம் ஆகும்.

எதிராளி என்றொருவன் கிடைப்பதே நம் குடும்பத்துக்குப் புதிது. 1974இல் டேவிஸ் கோப்பையின் இறுதிக்குத் தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் வந்தன. இந்திய அணியில் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் விஜய்யும் ஆனந்தும் நல்ல ஆட்டத்தில் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவையும் சோவியத் யூனியனையும் சாய்த்துவிட்டு வந்த அணி அது. நிறவெறி ஆட்சியின் அணியோடு ஆடமாட்டோம் என்று இந்தியா மறுத்துவிட, ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. இந்தியா 1966இலும் 1987இலும் இறுதிக்கு வந்து தோற்றது. இன்றுவரை அந்தக் கோப்பையை வெல்லவில்லை. நாம் குடியிருந்த நாடு அப்படிக் கோப்பை வென்றபோது, டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் உன் தாத்தா, ஆட மறுத்த இந்தியாவின் பக்கம்தான் இருந்தார். அவர் நகரத்தின் நல்ல ஆடுகளங்களில் கால்வைக்க முடியாதவர். அசாதாரணச் சமூகத்தில் சாதாரண விளையாட்டு இருக்க முடியாது என்று அன்றைய நிறபேதமற்ற விளையாட்டு அமைப்பினர் சொன்ன வாசகத்தை அவர் வாயிலிருந்துதான் நான் முதலில் கேட்டேன்.

நம் நாட்டுக்காரர் ஒருவரைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. 2018 விம்பிள்டன் அரையிறுதியில் கெவின் ஆண்டர்சன், தன் கல்லூரிக் காலத்திலிருந்தே எதிர்த்து ஆடிவந்த ஜான் இஸ்னரை 6 மணி 36 நிமிடம் ஆடி, ஐந்தாம் செட்டில் 26-24 என்று வென்றார். அதன் கடைசிக் கட்டத்தில் ஆண்டர்சன் புல்லில் சறுக்கி விழுந்தார். விழுந்த வேகத்தில் மட்டையை இடக்கைக்கு மாற்றி, எழுந்துகொண்டே பந்தைத் திருப்பியடித்து அந்தப் புள்ளியையும் எடுத்தார். சிறுவயதில் முழங்கை அறுவை சிகிச்சையின்போது இடக்கையால் ஆடிப் பழகியது அன்று உதவியது. வென்ற பிறகு அவர் துள்ளவில்லை. இஸ்னரைக் கட்டிக்கொண்டார்; பேட்டியில் தோற்றவருக்காக வருந்தினார்; கடைசி செட்டை டை-பிரேக் இல்லாமல் முடிவின்றி இழுக்கும் விதியை மாற்றவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறு ஆண்டு விம்பிள்டனில் கடைசி செட்டுக்கு 12-12இல் டை-பிரேக் வந்தது; 2022 முதல் அது 6-6இலேயே வருகிறது. அந்த அணைப்பையும் கேமராவுக்காக என்பாயானால், ஆறரை மணி நேரம் ஓடிய பிறகு நடிக்கத் தெம்பு எங்கிருந்து வரும் என்று எனக்கு விளக்கு.

காலிறுதியில் உன்னை வென்ற அந்தப் பையனின் வீடு நம் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருப்பதாக அவன் அப்பா என்னிடம் சொன்னார். உன் வயதில் உனக்குச் சமமாக அடிக்கும் பையன் இந்த வட்டாரத்தில் வேறு எவனும் இல்லை. அவனுக்கும் நிலைமை அதுவே. நீ சம்மதித்தால் வரும் ஞாயிறு காலை உங்கள் இருவரையும் நானே காரில் ஆடுகளத்துக்கு அழைத்துப் போகிறேன். நீ அவுட் சொன்ன அந்தப் பந்தைப் பற்றி அவனிடம் நீயே பேசிக்கொள். நான் காரில் உட்கார்ந்திருக்கிறேன். புதிய பந்து ஒரு டப்பா என் செலவு. அம்மாவிடம் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா