பன்னிரண்டு நூல் உயர்த்திய கைக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும்,

600 கிலோமீட்டர் பிரெவேயை (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணத்தை) 39 மணி 10 நிமிடத்தில் முடித்து, அட்டையில் கடைசி முத்திரையை வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது. விரல்களில் மரமரப்பு இன்னும் போகவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும் ஒரே பருவத்துக்குள் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஆகிய நான்கு பிரெவேக்களையும் முடிப்பவர்களுக்கு உரிய ‘சூப்பர் ராண்டனர்’ பட்டம் இந்த முறை எனக்கு இல்லை என்று ஜனவரியிலேயே நான் முடிவு கட்டியிருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். விழுந்ததையும், காறையெலும்பு கூடியபின் முழங்கால் தகராறு செய்ததையும், 300-இல் 212ஆவது கிலோமீட்டரில் நான் சாலையோரம் உட்கார்ந்து அழுததையும் கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். அதை மறுபடி விரிக்கப் போவதில்லை.

நான் எழுத வந்தது பேரூர் சாலையில் இருக்கும் ஒரு சைக்கிள் கடைப் பெரியவரைப் பற்றி. பால் கேன் மாட்டிய சைக்கிள்களும் பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிள்களும் நிற்கும் கடை அது. என்னுடையது போன்ற வண்டியை அங்கே விடுவது சரிப்படாது என்ற மேட்டிமை எனக்கும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிப்ரவரியில் ஒரு நாள் பஞ்சராகி, வேறு வழியில்லாமல்தான் அங்கே தள்ளிக்கொண்டு போனேன். அவர் ஒட்டிக் கொடுத்தார், நான் காசு கொடுத்துவிட்டு ஏறிப் புறப்பட்டேன். பத்தடி போயிருக்க மாட்டேன், பின்னாலிருந்து கைதட்டிக் கூப்பிட்டார். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டார். நான் சொல்லாமல் அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்து நின்ற என்னிடம், முந்தைய ஆண்டு விழுந்த கதை முழுவதையும் கேட்டுக்கொண்டு, “எலும்பு முறிஞ்சது மேல, வலிக்கிறது கீழ. நடுவுல என்ன பண்ணுனீங்க அம்மிணி?” என்றார்.

நடுவில் நான் செய்தது இதுதான்: கைத்தொட்டிலைக் கழற்றிய வாரம், மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில், இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியும்படி சீட்டை இறக்கி வைத்தேன். பயம் மெல்ல விலகியது. சீட்டை ஏற்ற வேண்டும் என்பது நினைவிலிருந்தே போய்விட்டது. சீட் தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடங்கிய நிலையிலேயே மிதிக்க வேண்டியிருக்கும், முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. புதியவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் மணிக்கு 4,800 முறை அந்தத் தவறையே செய்துகொண்டு, வலிக்கு மாத்திரையையும் முழங்கால் பட்டையையும் தேடி அலைந்தேன்.

பெரியவர் அளவு நாடாவைத் தேடவில்லை. என்னை வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, சீட்டை அக்குளில் அணைத்துக்கொண்டு கையை நீட்டி, நடுவிரல் நுனியை, பெடல் தண்டுகள் இரண்டும் சேரும் நடு அச்சில் வைக்கச் சொன்னார். சீட்டின் உயரம் ஒன்றரை அங்குலம் குறைந்தது. உடனே ஏற்றிவிடுங்கள் என்றேன். மறுத்துவிட்டார். இத்தனை மாதம் தாழ்வுக்குப் பழகிய காலை ஒரே நாளில் நீட்டினால் வலி பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும் என்றும், ஞாயிறுதோறும் வந்தால் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மட்டும் ஏற்றித் தருவதாகவும் சொன்னார். ஒன்றரை அங்குலத்துக்குப் பன்னிரண்டு நூல், பன்னிரண்டு ஞாயிறு. ஒவ்வொரு முறையும் சீட் குழாயில் வெள்ளைப் பெயின்டால் மெல்லிய கோடு இழுத்து, ஆலன் கீயால் இறுக்கி, தெருக்கோடி வரை ஓட்டிக் காட்டச் சொல்லி, என் இடுப்பு ஆடுகிறதா என்று கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். இதற்காக ஒரு ரூபாய்கூட அவர் வாங்கவில்லை. ஐந்தாவது கோட்டில் படியிறங்கும்போது வலி இல்லை. ஒன்பதாவது கோட்டில் ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு, 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கித் தள்ளாமல் ஏறினேன்.

சைக்கிளை அடியோடு மறந்துவிடுங்கள் என்று அறிவுரை சொன்ன ஒருவரைத் தவிர, மற்ற எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். தொடைத் தசைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுத்து, நான் ஏமாற்றிய நாள்களைக் கண்டுபிடித்த பிசியோதெரபிஸ்ட், அதிகாலை மூன்று மணிக்குப் புளிசாதம் கட்டித் தந்த என் கணவர், என் வேகத்துக்காகத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அதை ஒருபோதும் சொல்லிக்காட்டாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகள், ஆறு வாரம் எனக்குத் தலை பின்னிவிட்ட பக்கத்து வீட்டு அக்கா ஆகிய அனைவருக்கும் என் நன்றி. பிரெவே விதிப்படி கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு இடையே வெளியாள் உதவி கூடாது, பின்னால் கார் வரக்கூடாது. எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் விடியற்காலையில் தூக்கம் கண்ணைச் சொக்கியபோது, டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பன்னிரண்டு கோடுகளைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினேன். அது விதிமீறல் ஆகாது என்று நம்புகிறேன்.

பெரியவரிடம் ஸ்மார்ட்போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் இதைப் படித்துக் காட்டுவேன். பெடல் அச்சில் ஒரு கரகரப்பு இருக்கிறது, 600 முடிந்ததும் கொண்டு வாங்க என்று அவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வண்டியை அன்றைக்கு அவரிடமே விட்டுவிட்டு வருவேன். இம்முறை கூலியை வாங்கிக்கொள்ளாவிட்டால் நான் கடையை விட்டு நகர மாட்டேன் என்பதை உங்கள் எல்லோரையும் சாட்சியாக வைத்து இங்கே எழுதிவைக்கிறேன்.