பள்ளி சாஃப்ட்பாலை விட்டுவிடச் சொல்வது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்றது, ஆனால் பந்தைக் கையைத் தாழ்த்தி வீசும் ஆட்டம்) ஆடும் பெண்களின் பெற்றோருக்காகச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, கல்லூரி அணியில் இடம்பிடிக்க விரும்புகிறவர்கள் பள்ளி அணியை விட்டுவிட்டு, பள்ளிக்கு வெளியே பணம் கட்டிச் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணியில் மட்டும் ஆடுவதே நல்லது என்கிறது. கலிஃபோர்னியாவில் ஆறு ஆண்டுகளாக வேலியோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துவரும் ஒரு பிட்சரின், அதாவது பந்து வீசும் பெண்ணின், தாய் நான். (ஊரிலுள்ள என் அம்மாவுக்கு இது இன்றுவரை எறிபந்துதான்.) அந்த அறிவுரையில் பாதிதான் சரி என்று எனக்குப் படுகிறது.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பள்ளி ஆட்டங்கள் நடக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில்தான் கல்லூரிகளுக்கும் போட்டிக் காலம் என்பதால், கல்லூரிக் கோச்சுகள் பள்ளி மைதானங்களுக்கு வருவது அரிது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும், ஒரே வளாகத்தில் பல அணிகளைப் பார்க்கக் கிடைக்கும் டிராவல் போட்டிகளுக்கே அவர்கள் வருகிறார்கள். ஆட்டத்தின் தரமும் அங்கே உயர்வு. பள்ளியில் எதிரணியின் கடைசி மூன்று பேர் மட்டையைத் தோளிலிருந்து இறக்காமலே திரும்பிப் போன ஆட்டங்களையும், பத்து ரன் முன்னிலையால் ஐந்தாவது இன்னிங்ஸோடு முடிந்துபோன ஆட்டங்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால், டிராவல் போட்டிகளில் பல கடிகாரத்தை வைத்து ஆடப்படுகின்றன என்பதைக் கட்டுரையாளர் சொல்லவில்லை. 75 அல்லது 90 நிமிடம் ஆகிவிட்டால் புதிய இன்னிங்ஸ் கிடையாது. கோச்சுகளுக்கு ஆளைக் காட்டுவதற்கென்றே நடக்கும் ஷோகேஸ்களில் வெற்றி தோல்வியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பணம் கட்டிய எல்லாப் பெற்றோரின் பெண்களும் கண்ணில் பட வேண்டும் என்பதால், நன்றாக வீசிக்கொண்டிருக்கும் பிட்சரையும் மூன்றாவது இன்னிங்ஸில் மாற்றிவிடுவார்கள். பள்ளியில், ரன் வித்தியாசம் மிகப் பெரிதாகிவிட்டாலொழிய, ஏழு இன்னிங்ஸும் ஆடியாக வேண்டும். ஒரு ரன் முன்னிலையோடு ஏழாவது இன்னிங்ஸில், ஏற்கெனவே இரண்டு முறை தன் பந்தைப் பார்த்துப் பழகிவிட்ட அதே மட்டையாளருக்கு 43 அடி தொலைவிலிருந்து மறுபடியும் வீசும்போது என்ன பந்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை, என் மகள் பள்ளி அணியில்தான் கற்றாள். அதைக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு டிராவல் அணி அவளை மைதானத்தில் விட்டுவைத்ததில்லை.

தோள்பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளி பேஸ்பாலில் பிட்சர் வீசும் பந்துகளின் எண்ணிக்கைக்கு 2017 முதல் வரம்பு உண்டு. கையைத் தாழ்த்தி வீசுவதால் தீங்கில்லை என்ற பழைய நம்பிக்கையாலோ என்னவோ, சாஃப்ட்பாலின் தேசியப் பள்ளி விதிகளில் அப்படி எதுவும் இல்லை. சனி, ஞாயிறு இரண்டே நாளில் ஐந்தாறு ஆட்டங்கள் நடக்கும் டிராவல் போட்டியில் இந்தக் குறை இன்னும் உறைக்கிறது. ஒரே பிட்சரை வைத்துக்கொண்டு பருவம் முழுவதையும் ஓட்டும் பள்ளிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை.

கட்டுரை செலவைத் தொடவே இல்லை. டிராவல் அணிக்குக் கட்டணம், ஓட்டல் அறை, விமானச் சீட்டு என்று ஒரு கோடைக்கே ஆயிரக்கணக்கான டாலர் போய்விடும். எங்கள் மாநிலப் பொதுப் பள்ளிகள் விளையாட்டில் சேரக் கட்டணம் கேட்கக் கூடாது என்று 1984இல் மாநில உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. டிராவல் போட்டிக்காக வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்க முடியாத தகப்பன்மார்களின் பெண்களும் பள்ளி டக்அவுட்டில் (அணியினர் அமரும் இடத்தில்) என் மகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்திதான் அந்த அணியின் சிறந்த கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவள்).

எல்லாவற்றையும்விட, கலிஃபோர்னியாவில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. பள்ளி அணியில் இருக்கும் மாணவி, அந்தப் பருவம் முடியும்வரை அதே விளையாட்டை வெளி அணிக்காக ஆடக் கூடாது என்பது மாநிலப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி. அதனால் உயர்நிலைப் பள்ளி வயதுப் பெண்களின் டிராவல் அணிகளும் அந்த மாதங்களில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கின்றன. பள்ளி அணியை விட்டுவிடும் பெண்ணுக்கு வசந்த காலத்தில் மிஞ்சுவது தனிப் பயிற்சி மட்டும்தான்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்ற குறிப்பையாவது அடுத்த இதழில் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதியில் பள்ளி அணித் தேர்வு ஆண்டின் தொடக்கத்திலேயே நடந்துவிடும்; அதற்குள் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா