தபால்தலையில் பணம் போடலாமா என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பி,

அப்பாவும் நானும் நலம். மருமகளும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்? குழந்தைக்குச் சளி விட்டதா?

நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் பாதி கேட்டதும் "சரிம்மா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வீடு வாங்கச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை அபூர்வத் தபால்தலைகளில் போடலாமா என்று கேட்டாய். வேண்டாம். பள்ளிக்கூட நாளிலிருந்து தபால்தலை சேர்ப்பவளாகவும், வங்கி கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளாகவும் இரண்டு வகையிலும் யோசித்துத்தான் சொல்கிறேன்.

தபால்தலை விற்க உன்னிடம் வந்து பேசிய ஆள் காட்டிய உதாரணங்கள் பொய்யில்லை. 1980இல் சீனா வெளியிட்ட சிவப்புக் குரங்குத் தபால்தலையின் முகவிலை 8 ஃபென், அதாவது ஒரு யுவானில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. இன்று ஒன்று ஆயிரக்கணக்கான யுவானுக்குப் போகிறது. ஆனால் 1980இல் அதை வாங்கியவர்களை நினைத்துப் பார். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் தபால்தலை சேர்ப்பதே பூர்ஷுவாப் பழக்கம், அதாவது பணக்கார வர்க்கத்துப் பழக்கம் என்று ஒடுக்கப்பட்டு, அப்போதுதான் மெல்லத் தலைதூக்கிய நேரம். பின்னால் கையில் காசுள்ள ஒரு நடுத்தர வர்க்கம் அங்கே உருவாகும், குரங்கைத் தேடி அலையும் என்று யாருக்குத் தெரியும்? அன்று தபால் நிலையத்தில் வாங்கியவருக்கு வந்த லாபம், இன்று விலை ஏறிய பிறகு வாங்குகிற உனக்கு எப்படி வரும்?

உலகத்திலேயே பேர்போன தபால்தலையை எடுத்துக்கொள். பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் மெஜந்தா, 1856இல் அச்சானது, உலகில் ஒன்றுதான் இருக்கிறது. 1980இல் அது 9,35,000 டாலருக்கு விற்றது. 2014இல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 94.8 லட்சம் டாலர். பத்து மடங்கு என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். 34 வருடத்துக்குக் கூட்டுவட்டி போட்டுப் பார், ஆண்டுக்கு ஏறக்குறைய 7 சதவீதம்தான். வாங்குகிறவர் கொடுப்பது எல்லாம் விற்கிறவர் கைக்கு வருவதுமில்லை. 2014இல் வாங்கியவர் 2021இல் விற்றபோது அது சுமார் 83 லட்சம் டாலருக்குத்தான் போனது. ஏழு வருடம் வைத்திருந்து, பத்து லட்சம் டாலருக்கு மேல் குறைவு. ஒன்றே ஒன்று உள்ள பொருளுக்கே இந்தக் கதி என்றால், உனக்கு விற்கப்போகிற இரண்டாந்தர அபூர்வங்களைப் பற்றி என்ன சொல்ல!

அடுத்தது கேட்டலாக் விலை, தபால்தலை விலைப் பட்டியல் புத்தகத்தில் போட்டிருக்கிற விலை. அந்த ஆள் நீட்டிய தாளில் இருந்ததெல்லாம் அதுதான். கேட்டலாக் விலை என்பது நல்ல நிலையில் உள்ள ஒன்றைக் கடைக்காரர் நமக்கு விற்கிற விலை. நாம் விற்கப் போனால் அதில் ஒரு சிறு பங்குதான் கொடுப்பார். ஏலத்துக்குப் போனால் விற்பவரிடம் கமிஷன், வாங்குபவரிடம் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலாகக் கட்டணம். நகைக்குச் செய்கூலி, சேதாரம் கொடுக்கிற மாதிரிதான் இது. ஆனால் நகையை எடை போட்டு அன்றைய விலை சொல்ல எந்த ஊரிலும் ஆள் உண்டு. தபால்தலைக்கு அன்றைய விலை என்று ஒன்று கிடையாது. அது வேண்டும் என்று நினைக்கிற இன்னொரு சேகரிப்பாளர் வந்தால்தான் விலை. நடுவில் அதற்கு வட்டி வராது, வாடகை வராது. பாதுகாப்புப் பெட்டகத்துக்கும் காப்பீட்டுக்கும் நீதான் கட்ட வேண்டும்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது, "நிச்சயமான வருமானம், நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்று அவர் சொன்னதாக நீ சொன்னதுதான். ஸ்பெயினில் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோரும் ஃபிலாடெலிகோ, அஃபின்சா என்று இரண்டு நிறுவனங்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் மக்களுக்குத் தபால்தலை விற்று, குறித்த நாளில் வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டிருந்தன. ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்பதால் அப்பாவைப் பார்த்துப் பிள்ளை, பிள்ளையைப் பார்த்து மாமன் என்று பணம் போட்டார்கள். 2006 மே 9ஆம் தேதி போலீஸ் உள்ளே நுழைந்தது. சந்தை விலையைவிடப் பல மடங்கு ஏற்றிக் காட்டிய தபால்தலைகள். புதிதாக வந்தவர்களின் பணத்திலிருந்து பழையவர்களுக்கு வட்டி. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சிக்கின. பெரும்பாலும் பென்ஷன்காரர்கள், கூலி வேலை பார்த்துச் சேர்த்தவர்கள். வங்கி டெபாசிட் இல்லை என்பதால் டெபாசிட் காப்பீடும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஜனங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நீ இருக்கிற லண்டனிலேயே ஒன்று உண்டு. ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற தபால்தலைக் கடை, 1856இல் தொடங்கியது, அரச குடும்பத்துக்கே தபால்தலை விற்ற பாரம்பரியம். அவர்களும் முதலீட்டாளர்களுக்கு உத்தரவாத ஒப்பந்தங்கள் விற்றார்கள். அந்த வியாபாரத்தை நடத்திய கெர்ன்சி தீவுக் கிளை 2017இல் திவால் நிர்வாகத்துக்குப் போயிற்று. அங்கே மோசடி என்று நான் சொல்லவில்லை. நேர்மையான கடையாக இருந்தாலும், எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்ப வாங்கிக்கொள் என்று வந்து நின்றால் கொடுக்கப் பணம் இராது. உன்னிடம் வந்தவரின் நிறுவனத்துக்கு எத்தனை வயது?

என் ஆல்பங்களை விற்றால் என்ன வரும் என்றும் கேட்டாய். ஒளிக்காமல் சொல்கிறேன், மொத்தமாகக் கொடுத்தால் உன் விமான டிக்கெட் காசு தேறாது. நீ சின்ன வயதில் ஆசையாகப் புரட்டிய அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் என்ற வளைகுடா அமீரகங்களின் தபால்தலைகள் இருக்கின்றனவே, பளபளவென்று பூனையும் ராக்கெட்டும் போட்டவை, அவை அந்த ஊர்களில் கடிதத்தில் ஒட்டப்பட்டதே அபூர்வம். ஏஜெண்டுகள் ஒப்பந்தம் போட்டுச் சேகரிப்பாளர்களுக்காகவே மூட்டை மூட்டையாக அச்சடித்தவை. ஹங்கேரித் தபால்தலைகளைத் திருப்பிப் பார், முத்திரை விழுந்திருக்கும், பின்னால் பசை அப்படியே இருக்கும். அச்சகத்திலேயே முத்திரை குத்தி விற்றது.

1948இல் இந்தியா வெளியிட்ட காந்தி தபால்தலை வரிசையில் என்னிடம் அணா மதிப்புள்ள மூன்றும் உண்டு, பத்து ரூபாய் இல்லை. அந்தக் காலத்தில் பத்து ரூபாய் கொடுத்து யார் தபால்தலை வாங்கினார்கள்? அதனால்தான் அதற்கு மதிப்பு. அதிலும் கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக 'சர்வீஸ்' என்று மேலச்சிட்டவை நூறுதான். அதில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனது. ஆனால் பத்து ரூபாய் காந்தியில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. நிபுணர் சான்றிதழ் இல்லாமல் தொடவே கூடாது.

என்னுடைய மூன்றும் ஹிஞ்ச் என்ற சின்னப் பசைத்தாள் வைத்து ஆல்பத்தில் ஒட்டியவை, நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓரத்தில் பழுப்புப் புள்ளி வேறு. முதலீட்டுக்கு வாங்குகிறவர் பசை கலையாமல் வேண்டும் என்பார். எனக்கு அது போதும். பாரதியையும் ராமானுஜனையும் முதலில் தபால்தலையில்தான் பார்த்தேன். மொரீஷியஸ் எங்கே இருக்கிறது என்று தேடி அட்லஸைத் திறந்ததும் அதனால்தான். அதற்கெல்லாம் நான் கணக்கு எழுதவில்லை.

இனி வாங்க ஆள் வருமா என்பதும் யோசிக்க வேண்டியது. டென்மார்க்கில் அரசு அஞ்சல் நிறுவனம் 2025 முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. கடிதம் பிரித்தே அறியாத பிள்ளைகள் நாற்பது வயதில் தபால்தலைக்குப் பெரும்பணம் கொடுப்பார்கள் என்று நம்பி வீட்டுப் பணத்தை வைக்காதே. வீட்டுக்கு என்று எடுத்துவைத்தது வங்கியிலேயே இருக்கட்டும். மீதியைப் பங்குச் சந்தைக் குறியீட்டு நிதியில் மாதாமாதம் போடு. மருமகளிடமும் இதைக் காட்டு, அவள் உன்னைவிட நிதானம்.

உனக்கு ஆசை இருந்தால் தாராளமாகச் சேர், செலவு என்று நினைத்துச் சேர். ஸ்டிராண்ட் தெருப் பக்கம் போகும்போது எனக்காக ஒரு பென்னி பிளாக் பார். 1840இல் வந்த உலகின் முதல் தபால்தலை என்றாலும் 6.8 கோடிக்கு மேல் அச்சடித்ததால் சுமாரானது நூறு பவுண்டுக்குள்ளேயே கிடைக்கும். அதற்கு ஓரப் பல் கிடையாது, கத்தரிக்கோலால் வெட்டியது. நாலு பக்கமும் வெள்ளை ஓரம் இருந்தால் விலை ஏறும், எனக்கு மூன்று பக்கம் போதும். சிவப்பு மால்டீஸ் சிலுவை முத்திரை விழுந்ததாக இருக்கட்டும். பணத்தை அப்பா அனுப்புவார்.

அன்புடன்,
அம்மா